மாதச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு முன்பணம் சேர்த்த கதை: எது கைகொடுத்தது, எது காலை வாரியது

மதுரையில் கல்யாண போட்டோ, வீடியோ எடுப்பது என் தொழில். 2019-ல் வீட்டுக்காகப் பணம் சேர்க்க ஆரம்பித்து, 2025-ல் திருப்பாலைப் பக்கம் பத்திரம் முடித்தேன். இடையில் போஸ்ட் ஆபீஸ் ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, ஈக்விட்டி எஸ்ஐபி (பங்குச்சந்தை ஃபண்டில் மாதத் தவணை), லிக்விட் ஃபண்ட் (குறுகியகாலக் கடன்பத்திரங்களில் போடும் ஃபண்ட்) என்று நம் ஊரில் கிடைக்கும் எல்லாவற்றிலும் பணம் போட்டுப் பார்த்தாயிற்று. எதில் வட்டி எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். என்னைப் போன்ற ஆட்களுக்கு அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு உண்டு. வருமானமே இல்லாத மாதத்தில் அந்தச் சேமிப்பு நம்மை என்ன பாடுபடுத்தும்? கடைசியில் லோனுக்குப் போய் உட்காரும்போது அந்தப் பணம் ஒரு கணக்காக நிற்குமா? இந்த இரண்டையும் வைத்துத்தான் எல்லாவற்றையும் எடைபோடுகிறேன்.

தொழில் எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். தை பிறந்தால் ஓட்டம். சித்திரை, வைகாசியில் தூக்கம் கிடையாது. ஆடி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புரட்டாசி, மார்கழியும் அப்படியே. வருகிற பணமும் மூன்று துண்டாக வரும். புக்கிங் அட்வான்ஸ் ஒன்று, கல்யாணத்தன்று ஒன்று, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. அட்வான்ஸ் வாடகைக்கும் கேமரா தவணைக்கும் போய்விடும். மண்டபத்தில் கிடைப்பது கேண்டிட் பையன், டிரோன்காரர், லைட் பிடிப்பவர் கூலிக்குச் சரியாகிவிடும். ஆக லாபம் என்பது ஆல்பம் பாக்கிதான்.

அதனால் ஆல்பம் பாக்கி முழுக்க வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டோம். மாதம் இவ்வளவு என்று நிர்ணயித்திருந்தால் முதல் ஆடியிலேயே கைவிட்டிருப்பேன். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோ செலக்‌ஷன் பண்ணித் தராமல் மாதக்கணக்கில் இழுப்பார்கள். "அண்ணா, இந்த ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பா" என்பார்கள். அந்த ஞாயிறு வரவே வராது. வளைகாப்புக்குக் கூப்பிடும்போதுதான் ஆல்பம் ஞாபகம் வரும். முன்பு நானும் விட்டுவிடுவேன். அந்தப் பாக்கிதான் வீடு என்று ஆனபிறகு, செலக்‌ஷனுக்குக் கெடு வைத்து அதை ரசீதிலேயே எழுத ஆரம்பித்தேன். எந்த ஃபண்டும் தராத வருமானம் அது.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதில் பலரும் பாதிக் கணக்குதான் போடுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம்தான். 45 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அதிகபட்சம் 36 லட்சம் கிடைக்கும். நம் கையிலிருந்து 9 லட்சம். அதோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது ஒரு 4 லட்சத்துச் சொச்சம். அதற்கு பேங்க் கடன் தராது. லீகல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர் கட்டணம், பிராசஸிங், எம்ஓடி (பத்திரத்தை பேங்கில் அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று உதிரிச் செலவு வேறு. 14 லட்சம் இல்லாமல் 45 லட்சம் வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது. இன்னொன்று: பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் நாம் பேசிய விலையைவிடக் குறைத்துப் போட்டால், அந்தக் குறைந்த தொகையில்தான் 80 சதவீதம்.

இனி ஒவ்வொன்றாக.

போஸ்ட் ஆபீஸ் ஆர்டி பார்க்கப் பழசு. ஆனால் எனக்கு ரொம்பப் பொருந்தியது இதுதான். திறக்கும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருஷமும் மாறாது. நான் 2019-ல் திறந்தபோது 7 சதவீதத்துக்கு மேல். 2020 ஏப்ரலில் புதிதாகத் திறந்தவர்களுக்கு அது 5.8-க்கு இறங்கிவிட்டது, என்னுடையது அசையவில்லை. ஒரு மாதம் கட்டத் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், அவ்வளவுதான். தொடர்ந்து நான்கு மாதம் தவறினால்தான் கணக்கு முடங்கும். அதன்பிறகும் இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். ஏஜென்ட் அக்கா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது: தவணையை முன்கூட்டியே கட்டலாம், ஆறு மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டினால் நூறு ரூபாய் கணக்குக்குப் பத்து ரூபாய், பன்னிரண்டு மாதத்துக்கு நாற்பது ரூபாய் தள்ளுபடி. வைகாசி முடிந்ததும் ஆறு மாதத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடுவேன். ஆடியில் ஆர்டியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். குறை என்னவென்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் மூட முடியாது. அப்புறம் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். நடுவில் மூட முடியாததைக் குறை என்று சொல்வதா நிறை என்று சொல்வதா என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது.

ஏலச்சீட்டில் பதிவு பெற்ற கம்பெனியில்தான் சேர்ந்தேன். தெருச்சீட்டு நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கட்டுக்கட்டாகக் கையில் தரும் பணத்துக்கு லோன் நேரத்தில் விளக்கம் சொல்ல முடியாது. பதிவுச் சீட்டில் பாஸ்புக் உண்டு, பணம் கணக்குக்கு வரும். ஆனால் சீட்டு நடத்தும் தலைமைக்காரர் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம் (2019 சட்டத் திருத்தத்துக்கு முன்னால் 5 தான்). இடையில் ஏலத்தில் தள்ளிப் பணத்தை எடுத்தால் ஜாமீன் கேட்பார்கள், அதுவும் சம்பளக்காரர் ஜாமீன். நமக்கு யார் நிற்பார்கள்? கடைசிவரை கட்டி எடுத்தால் கமிஷன் போக, ஏலத்தில் மாதாமாதம் நமக்குக் கிடைத்த கழிவுப் பங்கையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது ஆர்டி வட்டியைத் தாண்டவில்லை. ஒரு தவணை தாமதமானால் அந்த மாதக் கழிவு போய்விடும், வட்டியும் கேட்பார்கள். அவசரத்துக்குத் தொழில் முதலீடு தேடுபவருக்குச் சீட்டு நல்ல கருவி. வீட்டுக்குச் சேர்க்க என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன்.

நகைச்சீட்டு 11 மாதம்; முடிவில் நகைதான், பணம் இல்லை. செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி கொடுத்து வாங்கி மறுபடி விற்பது எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் தங்கம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, "அன்னைக்கே காசா வாங்கி வெச்சிருக்கலாம்" என்று என் மனைவி இன்றும் சொல்வாள். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஈக்விட்டி எஸ்ஐபி பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி ஜனவரி உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அதே வாரத்தில் ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தம் எல்லாம் தள்ளிப்போய், கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று விதி வந்தது. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளக்காரருக்குச் சந்தை விழுந்தாலும் ஒன்றாம் தேதி பணம் வந்தது. நமக்குச் சந்தையும் தொழிலும் சேர்ந்தே படுத்துவிடும். எஸ்ஐபியை நிறுத்தி வைத்தேன், விற்கவில்லை. அது பிறகு மீண்டது. ஆனாலும் மூன்று நான்கு வருஷத்தில் தேவைப்படும் பணத்தை அங்கே வைப்பது எனக்கு ஒத்துவராது.

லிக்விட் ஃபண்ட் தான் சீசன் பணத்துக்கு உண்டியல். ஆல்பம் பாக்கி வரவர அதில் போட்டுக்கொண்டே இருப்பேன், தவணை என்று எதுவும் இல்லை. கேட்டால் அடுத்த வேலை நாளில் கணக்குக்கு வரும். லாபம் ஃபிக்ஸட் டெபாசிட்டை ஒட்டித்தான் இருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதற்கு வரியும் நம் ஸ்லாப்படி. அந்த வருஷங்களில் லென்ஸ் வாங்க அதிலிருந்து எடுத்துவிடலாம் என்ற சபலம் வராத ஐப்பசி கிடையாது. அதனால் ஒரு தொகை சேர்ந்ததும் பாதியை ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு மாற்றிவிடுவேன். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம்தான் என்பதால் இரண்டு வங்கியில் பிரித்து வைத்தேன்.

இதையெல்லாம்விட முக்கியமான சேமிப்பு வருமான வரிக் கணக்கு. நம் தொழிலில் பலர் வருமான வரிச் சட்டத்தின் (1961) 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டிவந்தோம். டிஜிட்டல் வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். 18 லட்சம் வரவு, எல்லாம் ஜிபே என்றால் லாபம் 1,08,000. வரி இல்லை என்று சந்தோஷப்படுவோம். கடன் கேட்கப் போனால் மாத வருமானம் 9,000 என்றுதான் பேங்க் பார்க்கும். அதில் பாதியை தவணைக்கு எடுத்துக்கொண்டால், 8.5 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு ஐந்து லட்சம் கிடைக்கும். தொழில்நண்பர் ஒருவர் 20 லட்சம் முன்பணம் வைத்துக்கொண்டு இந்த இடத்தில்தான் மாட்டினார்.

எங்கள் ஆடிட்டர் இதை ஆரம்பத்திலேயே போட்டு உடைத்தார். "தம்பி, ஆறு சதவீதம் குறைஞ்சபட்சம். அதுக்கு மேல உண்மையா சம்பாதிச்சதைக் காட்டு. பேங்க் மூணு வருஷம் பார்ப்பான்." அப்படியே செய்தோம். 2024-25 நிதியாண்டுக்கு 7.75 லட்சம் காட்டியதில் புதிய வரி முறையில் வரி, செஸ் சேர்த்து ரூ.28,600. 36 லட்சம் கடனுக்கு மாதத் தவணை 31,000 சொச்சம். அந்த வருமானத்தில் அது பாதிக்குள் அடங்கிவிட்டது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை தொழில் வருமானத்துக்கு வரியே இல்லை. இனிமேலும் குறைத்துக் காட்டுபவர் யாரை ஏமாற்றுகிறார் என்று தெரியவில்லை.

பேங்கில் ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்டை பிரிண்ட் எடுத்து, பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார் அந்த அதிகாரி. "இந்த நாற்பதாயிரம் என்ன சார்?" அது பெண்ணின் தாய்மாமா அனுப்பியது. கல்யாண வீட்டில் பணம் யார் பெயரிலிருந்தும் வரும். நம் ரசீதில் இருப்பது மாப்பிள்ளை பெயர். நல்லவேளையாக ரசீதில் 'செலுத்தியவர்' என்று தனி வரி வைத்திருந்தேன், தேதியைப் பார்த்து எடுத்துக் காட்டினேன். அடுத்தடுத்த வட்டங்களுக்கும் அப்படியே. அப்புறம் ரசீது புத்தகத்தை அவரே வாங்கிப் புரட்டிவிட்டு மூடி வைத்துவிட்டார். தனி கரன்ட் அக்கவுன்ட்டும் உத்யம் (சிறுதொழில்) பதிவும் இருந்ததால் தொழில் சான்றுக்குச் சிக்கல் வரவில்லை. உத்யம் இலவசம், காசு கேட்கும் ஏஜென்டிடம் போகாதீர்கள்.

வீடு பார்க்கும்போது, "பத்திரத்துல கைடுலைன் மதிப்பு போட்டுக்கலாம், மீதி ரொக்கமா குடுத்துடுங்க" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். கைடுலைன் என்பது அரசு பதிவுக்கு வைத்திருக்கும் மதிப்பு; அது பேசிய விலையைவிடக் குறைவு. பத்திரத்தில் விலை குறைந்தால் நமக்குக் கடனும் குறையும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படியும் தப்பு. கஷ்டப்பட்டு வெள்ளையாகச் சேர்த்ததை அங்கே போய்க் கறுப்பாக்குவானேன் என்று அந்த வீடுகளை விட்டுவிட்டோம். சரி, அதனால் தேடல் நீண்டதுதான்.

லிக்விட் ஃபண்டை மூடவில்லை. அதில் எப்போதும் ஆறு மாதத் தவணை கிடக்கும்; ஆடியிலும் மார்கழியிலும் இஎம்ஐ அதிலிருந்து போகிறது, தையில் நிரப்பிவிடுகிறேன். 2024-ல் திறந்த இரண்டாவது ஆர்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. காம்பவுண்ட் சுவர் இன்னும் கட்டவில்லை. ஆர்டி முதிரட்டும் என்கிறேன் நான். அதற்குள் பக்கத்துத் தெரு மாடெல்லாம் நம் வீட்டிலேயே குடியேறிவிடும் என்கிறாள் மனைவி.