பினாங்கு ஹெரிடேஜ் வாக்: காசு குடுத்து போலாமா?

போலாம், ஆனா காலைல முதல் பேட்ச்சுல புக் பண்ணுங்க. நாங்க பத்து மணி பேட்ச்சுல போயி நல்லா மாட்டிக்கிட்டோம், அந்த வெயில்ல அம்மா சர்ச் வாசல்லயே குடைய விரிச்சிட்டாங்க.

ரூட்டு என்னன்னா ஜார்ஜ்டவுன்ல பழைய பிட் ஸ்ட்ரீட்ட ஒட்டியே போகும். 1818ல கட்டுன செயின்ட் ஜார்ஜ் சர்ச், கொஞ்சம் தள்ளி சீனக்காரங்களோட குவான் யின் கோயில், 1833ல கட்டுன மகாமாரியம்மன் கோயில், அப்புறம் நம்ம ஊர் பக்கத்துல இருந்து போன முஸ்லிம் வியாபாரிங்க 1801ல ஆரம்பிச்ச கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாமே நடக்குற தூரம் தான். குவான் யின் கோயில் முன்னாடி ஆள் உயரத்துக்கு ஊதுபத்தி எரியுது, கண்ணு எரிஞ்சாலும் பார்க்க சூப்பர்.

முதல் பாதில கைடு பேசுனது எனக்கு சுத்தமா பிடிக்கல. எல்லா மதமும் இங்க அண்ணன் தம்பி, தைப்பூசத்துக்கு சீனக்காரங்க தேங்கா உடைப்பாங்க காவடி எடுப்பாங்க, இதையே திரும்பத் திரும்ப. உண்மைதான், நானே பார்த்திருக்கேன், ஆனா சண்டையே போடாத ஊருன்னு சொன்னா யாரு நம்புவா?

கேனன் ஸ்ட்ரீட் வந்ததும் தான் மனுஷன் ஃபார்முக்கு வந்தாரு. 1867 ஆகஸ்ட்ல இங்க பெரிய கலவரம், பத்து நாள் கிட்ட நடந்துச்சு. ஒரு பக்கம் கீ ஹின்னு ஒரு சீன கோஷ்டி, அவங்க கூட வெள்ளைக்கொடின்னு ஒரு முஸ்லிம் கோஷ்டி, எதிர்ல துவா பெக் கோங்னு இன்னொரு சீன கோஷ்டி, அவங்க கூட சிவப்புக்கொடின்னு இன்னொரு முஸ்லிம் கோஷ்டி. அதாவது ரெண்டு பக்கமும் சீனக்காரங்க, ரெண்டு பக்கமும் முஸ்லிம்கள்! என் மச்சான் ஊர்ல எல்லா சண்டைக்கும் மதத்த தான் இழுப்பாரு, "அப்போ எதுக்குய்யா அடிச்சிக்கிட்டாங்க"ன்னு கேட்டாரு, ஏரியா, வருமானம், எவன் பெரியவன்னு தான் சார்னு கைடு சொன்னதும் கம்முனு ஆயிட்டாரு. பக்கத்துல அச்சே ஸ்ட்ரீட் பள்ளிவாசல் மினாரால வட்டமா ஒரு ஓட்டை இருக்கு, அந்தக் கலவரத்துல பீரங்கி குண்டு பட்டதுன்னு ஊர்ல சொல்றாங்களாம். இந்த மாதிரி கதைய முதல்லயே ஆரம்பிச்சிருந்தா டூரே வேற லெவல்ல இருந்திருக்கும்.

பெரிய குறை, சூலியா ஸ்ட்ரீட் முனைல இருக்குற நாகூர் தர்காவ ரெண்டு நிமிஷத்துல தாண்டிட்டாங்க. நாகூர் ஷாகுல் ஹமீது பாதுஷா ஞாபகமா நம்ம ஆளுங்க கட்டுனது, உள்ள அவர் அடக்கம் எல்லாம் கிடையாது. அம்மாவுக்கு நாகப்பட்டினம் பக்கம், "ஆண்டவர் இங்கயும் இருக்காரா"ன்னு அங்கயே நின்னுட்டாங்க, அப்புறம் நாகூர்ல அந்தப் பெரிய மினாராவ கட்டிக் குடுத்ததே தஞ்சாவூர் மராட்டா ராஜா பிரதாப் சிங்தான்னு கைடுக்கே கிளாஸ் எடுத்தாங்க. பாவம், அவரு நோட்ல எழுதிக்கிட்டாரு.

கடைசில ஒரு சாவனீர் கடைல கொண்டு போயி விடுவாங்க, உள்ள போகாதீங்க, வெலை கொள்ளை. அந்த நேரத்துக்கு பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சாப்பிடுங்க, அந்தக் காலத்துல தமிழ் முஸ்லிம்கள் தோள்ல காவடிக்கட்டி தெருத்தெருவா வித்த சோறு, குழம்ப எல்லாம் கலந்து ஊத்தச் சொல்லுங்க. தலைய மூட துணி எடுத்துட்டு போங்க, ஷார்ட்ஸ் வேணாம். அஞ்சுக்கு மூணரை குடுக்கலாம்.