1942 முதல் 1965 வரை: நான்கு புத்தகங்களில் எதை முதலில் எடுப்பது?

ஜப்பானியர் வந்ததிலிருந்து சிங்கப்பூர் தனிநாடானது வரையிலான ஆண்டுகளில் நம் வட்டாரம் என்ன பாடுபட்டது என்பதைச் சொல்லும் நான்கு புத்தகங்களை அண்மையில் அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, லீ குவான் யூவின் ‘த சிங்கப்பூர் ஸ்டோரி’, சோனி லியூவின் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்’. இரண்டு தமிழ் நாவல்கள், ஓர் ஆங்கிலத் தன்வரலாறு, ஓர் ஆங்கிலச் சித்திர நாவல். இவற்றில் ஒன்றைப் படிக்கத்தான் நேரமிருக்கிறது என்று சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் கேட்டால், தயங்காமல் சிங்காரத்தைக் கையில் கொடுப்பேன்.

காரணம் அதன் மொழி மட்டுமன்று. நம் முன்னோரைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் அவர்கள் பட்ட துன்பத்தையே சொல்லும். சிங்காரத்தின் பாண்டியன் அப்படிப்பட்டவன் அல்லன். சுமத்ராவின் மேடானில் வட்டிக்கடை வேலையில் தொடங்கி, தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் ஏறிப் புயலைக் கடந்து பினாங்கு சேர்ந்து, இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி தூக்கி, போர் முடிந்தபின் இந்தோனேசியாவுக்கே திரும்பி டச்சுக்காரர்களை எதிர்க்கிறான். எங்கும் தானே முடிவெடுக்கிறான். அதற்கான விலையையும் தானே கொடுக்கிறான். சிங்காரம் தம் பதினெட்டாவது வயதில், 1938-இல், மேடானுக்குப் போனவர். அதனால்தான் வட்டிக்கடைச் சிப்பந்திகளான பெட்டியடிப் பையனும் அடுத்தாளும் மேலாளும் பேசும் பேச்சில் அப்படி ஓர் உண்மை. கடையைச் சாத்தியபின் மதுபோதையில் தமிழிலக்கியத்தையும் தமிழர் பெருமையையும் கிழித்துப்போடும் உரையாடல்களை நான் இரண்டு முறை படித்தேன். புயல் அத்தியாயத்தைக் குரலெடுத்துப் படிக்க வேண்டும். வாக்கியங்கள் சிதறிச் சிதறி அலைகளோடு எழுந்து விழுகின்றன. 1972-இல் அச்சான நாவல் இது. இன்றைய எழுத்தில் இவ்வளவு துணிச்சலை நான் அதிகம் பார்க்கவில்லை.

குறையும் உண்டு, பெரிய குறை. பெண்கள் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருத்தியின் மனத்துக்குள்ளும் நாவல் புகவில்லை. முதல் ஐம்பது பக்கங்களில் வந்து குவியும் ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் புதிய வாசகரை மலைக்க வைக்கும். வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சண்முகத்தின் நாவல் எதிர்த்திசையில் நிற்கிறது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானியர் 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் மாண்ட நேச நாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அவர்களுள் மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கு, அப்படி எதுவும் இல்லை. சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா ஒருவர் ஜொகூரிலிருந்து இங்கு குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறார். அந்த வெற்றிடத்தை நிரப்ப எழுதப்பட்ட நாவல் இது. கலை நயத்தில் சிங்காரத்தின் பக்கத்தில் வைக்க முடியாது. நடை எளிமையானது, சில இடங்களில் தட்டையானது. ஆனால் தோட்டத்துத் தமிழன் என்னவானான் என்று அறிய விரும்புகிறவருக்குச் சிங்காரம் உதவமாட்டார். அவருடைய உலகம் கடைத்தெரு. லயத்து வீடுகளின் கதைக்குச் சண்முகம்தான் வேண்டும்.

லீ குவான் யூவின் தன்வரலாறு 1998-இல் வெளிவந்தது. 1965 ஆகஸ்ட் 9 திங்கட்கிழமை காலை, வானொலியில் பாட்டு சட்டென்று நின்றதில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. போர்க்காலப் பக்கங்கள்தான் என்னைப் பிடித்து வைத்தன. ஜப்பானியர் சீன இளைஞர்களைப் பிரித்தெடுத்துக் கொன்ற நாட்களில், ஜாலான் புசாரில் ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் தனியே நிற்கச் சொன்ன கூட்டத்தில் சேராமல், சாமான்களை எடுத்து வருகிறேன் என்று நழுவி அவர் உயிர் பிழைத்த இடத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிறகு அவர் கேத்தே கட்டடத்தில் ஜப்பானியச் செய்திப் பிரிவில் வேலைக்குச் சேர்கிறார். அதே கேத்தேயின் அரங்கில்தான் 1943 அக்டோபர் 21-இல் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அதன் பக்கத்திலுள்ள டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சிங்காரத்தையும் இந்தத் தன்வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது அந்த ஒரே கட்டடம் இரண்டு வரலாறுகளாக விரிகிறது. தனியாகப் படித்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

போருக்குப் பிந்தைய பகுதியில் வழக்கறிஞரின் குரல் ஓங்கிவிடுகிறது. யார் எங்கே தவறினார், யார் எப்போது பின்வாங்கினார் என்று ஒவ்வொருவருக்கும் தீர்ப்பு எழுதப்படுகிறது. வாதம் கூர்மையானது, எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்பு இல்லை.

அந்த வாய்ப்பைச் சோனி லியூ கொடுக்கிறார். 2015-இல் வந்த அவருடைய நூலின் நாயகன் சார்லி சான் கற்பனை ஓவியர். அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்ததாகக் காட்டப்படும் சித்திரக் கதைகள் ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு பாணியில் இருக்கின்றன. 1954 மாணவர் போராட்டத்துக்குச் சீன மொழிக் கட்டளைக்கு மட்டுமே அடிபணியும் இயந்திர மனிதன். இடதுசாரிகளைச் சிறையிலடைத்த 1963 பிப்ரவரியின் ‘ஆபரேஷன் கோல்ட்ஸ்டோர்’ கைதுகள் நடக்காமல் போய், இடதுசாரித் தலைவர் லிம் சின் சியோங் பிரதமரான வேறொரு சிங்கப்பூர். தேசியக் கலைகள் மன்றம் இந்நூலுக்கு அளித்த 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. 2017-இல் சித்திரக் கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்று கிடைத்தன. இரண்டையும் மறந்துவிட்டுப் படித்தாலும் கையைவிட்டு இறங்காத நூல். தன்வரலாற்றை முடித்த கையோடு படித்ததால், சித்திரத்துக்குச் சித்திரம் அது எதற்குப் பதில் சொல்கிறது என்று எனக்குப் புரிந்தது.

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகள் வேறு வழியில் போனாள். சித்திர நாவலை முதலில் முடித்தாள். கோல்ட்ஸ்டோர் பற்றி அறிய லீயின் நூலைத் தேடிப்போனாள். இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கு அவள் வரிசையே சரி என்று நினைக்கிறேன். தடித்த தன்வரலாற்றைக் கேள்விகளோடு திறப்பவர்கள் பாதியில் விடமாட்டார்கள். சிங்காரத்தை மட்டும் அவளிடம் இப்போதே கொடுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கொஞ்சமாவது பழகிய காதுக்குத்தான் அந்தக் கிண்டல் எட்டும். அடுத்த விடுமுறையில் இரண்டையும் சேர்ந்தே படிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.