மெர்சிடஸ் 240 டி: பொனட்டைத் திறக்குமுன் கம்பளத்தைத் தூக்குங்கள்

ஜேர்மனியின் டோர்ட்முண்டில், வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, நான்கு குளிர்காலமாக ஒரு காரைத் திருத்தி வருகிறேன். 1981ஆம் ஆண்டு மெர்சிடஸ் 240 டி. நான்கு கதவு, நான்கு சிலிண்டர் டீசல், கரும்பச்சை நிறம். 2021 ஒக்ரோபரில் 4,200 யூரோவுக்கு வாங்கினேன். அதன்பிறகு உதிரிப்பாகம், தகரம், பெயின்ற், சோதனைக் கட்டணம் என்று இன்னும் 7,600 யூரோ போயிருக்கிறது. என் உழைப்புக்குக் கணக்கு வைக்கவில்லை. இதே வரிசைக் காரை வாங்கலாமா என்று ஒரே மாதத்தில் மூன்று நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். அதனால் பட்டதை எழுதுகிறேன். வாங்குங்கள். ஆனால் பொனட்டைத் திறக்குமுன் காரின் தளத்திலுள்ள கம்பளத்தைத் தூக்கி, அடியில் கறள் இருக்கிறதா என்று பாருங்கள்.

டபிள்யூ 123 என்று சொல்லப்படும் இந்த வரிசை 1976இன் தொடக்கத்தில் வெளிவந்தது. பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. 1987இல், பத்தொன்பது வயதில், நான் ஜேர்மனிக்கு வந்திறங்கியபோது ரயில் நிலைய வாசலில் வெளிர் தந்த நிற டாக்ஸிகளாக இவைதான் வரிசை பிடித்து நின்றன. யாழ்ப்பாணத்தில் சித்தப்பா வாடகைக்கு ஓடிய ஒஸ்டின் கேம்பிரிட்ஜுக்கு அடியில் படுத்து, அவருக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். அந்த டீசல் சத்தம் கேட்டதும் கால் நகரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போன அண்ணா திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

விற்றவர் எஞ்சினை ஓட்டித்தான் காட்டினார். குளிரில் நின்ற எஞ்சின் திறப்பைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அதிலேயே மனம் நிறைந்து பணத்தைக் கொடுத்தேன். கராஜுக்குக் கொண்டுவந்து கீழே படுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. இந்தக் காரின் அடிவிளிம்பில், பக்கத்துக்கு இரண்டாக, ஜாக்கி செருகும் நான்கு துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் மூடி. மூடியின் ரப்பர் காய்ந்து கடினமாகிப் போனால் மழைநீரும் குளிர்காலத்தில் தெருவில் தூவும் உப்பும் உள்ளே போய்த் தங்கும். இடப்பக்கப் பின் துளையருகே திருப்புளியால் தட்டினேன். தகரச் சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், கைபிடி வரை உள்ளே போய்விட்டது. முன்பு யாரோ கறளை வெட்டி எடுக்காமல், அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை ஒட்டி, கறுப்புத் தார் பூசி மறைத்திருக்கிறார்கள். ஜாக்கியில் கார் நிற்க, அடியில் ஒருவர் படுத்திருக்கும் இடம் அது. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

பக்கத்துக் கராஜ்காரர் இரும்பாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். வெல்டிங் எனக்கு அவரிடம் வந்த பாடம். மெல்லிய தகரத்தில் ஒரே இழுப்பாகக் கோடு போட்டால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். ஒரு பொட்டு வைத்து, கையைத் தூக்கி, எதிர்ப்பக்கம் போய் இன்னொரு பொட்டு. முதலாவது ஆறிய பிறகே அதன் பக்கத்தில் மூன்றாவது. இப்படி ஒரு துளையைச் சுற்றி மூடி முடிக்க இரண்டு சனிக்கிழமை சென்றது. முதல் குளிர்காலம் முழுவதும் நான்கு துளைகளிலும் டிக்கியின் தளத்திலுமே கழிந்தது. நீங்கள் பார்க்கும் காரில் இவற்றோடு பின்கண்ணாடியின் கீழ் ஓரத்தையும் முன்சக்கர வளைவுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே கொப்புளம் இருந்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எஞ்சின் பற்றிச் சொல்லக் குறையில்லை. 2.4 லீற்றர், 72 குதிரைவலு. பொனட் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும், இரு பக்கமும் நின்று வேலை செய்யலாம். எனக்கு வந்த ஒரே புதிர் இரண்டாவது குளிர்காலத்தில் வந்தது. திறப்பைத் திருப்பி எடுத்துவிட்டேன், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தக் காரில் டீசலை நிறுத்துவது மின்சாரம் அல்ல, வெற்றிடம். எஞ்சின் முன்னாலுள்ள பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலே கதவுகளையும் பூட்டுகிறது, எஞ்சினையும் நிறுத்துகிறது. எங்கோ காற்று கசிந்தால் இரண்டும் கெடும். அன்று பொனட்டைத் திறந்து 'ஸ்டொப்' என்று பொறித்த நெம்புகோலை அழுத்தி நிறுத்தினேன். பிறகு ஒவ்வொரு கிளைக் குழாயாக அடைத்து, கைப்பம்பால் இழுத்துப் பார்த்தேன். வலப்பக்கப் பின்கதவுக்குப் போகும் குழாயில் பம்பின் அளவு முள் நிற்கவில்லை. கதவின் உள்மட்டையைக் கழற்றினால், பூட்டை இழுக்கும் சிறு ரப்பர் உறையில் நகத்தளவு கிழிசல். கதவில் கிழிந்த ரப்பருக்கு எஞ்சின் நிற்க மறுத்திருக்கிறது! அதை மாற்றியதும் திறப்பைத் திருப்பியவுடன் எஞ்சின் அடங்கியது. அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

மாற்றங்களில் நான் அடக்கமாகவே இருந்தேன். காரணம் எச் இலக்கத்தகடு. முப்பது வயது கடந்து, நல்ல நிலையில், மூல வடிவம் கெடாமல் இருக்கும் காருக்கு ஜேர்மனியில் அது கிடைக்கும். வரி ஆண்டுக்கு 191.73 யூரோ. அதைவிட முக்கியம், புகை குறைந்த கார்களுக்குரிய பச்சை ஒட்டி இல்லாத கார்கள் நுழைய முடியாத நகர மையங்களுக்குள்ளும் போகலாம். பழைய டீசலுக்கு வேறு வழி இல்லை. சோதனை செய்யும் பொறியியலாளர் அந்தக் காலத்துக்குரிய மாற்றங்களையே ஏற்பார். எனவே 1980களின் தொடக்கத்தில் இதே வரிசைக்குத் தெரிவாகக் கிடைத்த ஐந்து கியர்ப் பெட்டியைப் பழையதாக வாங்கிப் பொருத்தினேன். செய்த செலவில் மிகப் பயனுள்ளது இதுதான். மணிக்கு நூறு கிலோமீற்றரில் முன்பு கத்திக் கதைக்க வேண்டும், இப்போது மனைவி பின்னாசனத்தில் தூங்குகிறாள். அந்தக் காலத்து அலோய் சக்கரங்கள் நான்கும் போட்டேன். அவை கண்ணுக்கு மட்டும்.

உதிரிப்பாகங்களுக்குப் பயப்பட வேண்டாம். சட்டக இலக்கத்தைக் கொடுத்தால் எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களில் பெரும்பங்கு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. உள்ளலங்காரத் துண்டுகளுக்குத்தான் பழைய கார்களை உடைத்து விற்பவர்களிடம் போக வேண்டியிருக்கிறது. முழுதாக இருக்கும் இருக்கைத் துணியும் வெடிக்காத டாஷ்போர்டும் உள்ள காரைக் கண்டால் முந்நூறு, நானூறு யூரோ கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

வேகம் வேண்டுபவர்களுக்கு இது பொருந்தாது. காரின் எடை ஏறத்தாழ 1,400 கிலோ. டோர்ட்முண்டிலிருந்து தெற்கே போகும் ஏ 45இன் ஏற்றங்களில் லொறிகளுக்குப் பின்னால்தான் போகிறேன். மூடிய இடமும் சனிக்கிழமைகளும் இல்லாதவர்களும் வாங்க வேண்டாம், தெருவில் நிறுத்தினால் திருத்திய இடமெல்லாம் மறுபடி கறள் பிடிக்கும். இவை இரண்டும் உள்ளவர்களுக்கு முழு மனதோடு சொல்கிறேன், இதைவிட நல்ல கார் கிடையாது.

வருகிற சனிக்கிழமை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் அதைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கையால் சரிசெய்ய வேண்டும், காற்றை உள்ளே விடும் வால்வுக்கு 0.10 மில்லிமீற்றர். வாங்கும் எண்ணம் உள்ள நண்பர்கள் மூவரையும் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் கம்பளத்தைத் தூக்கிக் காட்டுவேன்.