‘இன்றைக்கே மீன் விடலாம்’ என்பவரிடம் அக்வாபோனிக்ஸ் செட் வாங்காதீர்கள்

கொல்லைப்புறத்தில் அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டு அதிலேயே செடி வளர்க்கும் முறை) போட்டுத் தருகிறோம், காலையில் ஆள் வந்தால் சாயங்காலம் தொட்டியில் மீன் நீந்தும் என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னபடி சாயங்காலம் மீனும் நீந்தியது. 500 லிட்டர் தொட்டி, அதன் மேலே இரண்டு செடிப் படுகை, ஒரு பம்ப், நூறு திலேப்பியா குஞ்சு, ஒரு பாக்கெட் ‘பாக்டீரியா பவுடர்’. முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் மீன்கள் மிதக்க ஆரம்பித்தன.

நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒருவரை மட்டும் தவிர்ப்பீர்கள். இதே வசனத்தைப் பேசி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

‘இன்றைக்கே மீன்’ ஏன் நடக்காத காரியம்? மீன் செவுள் வழியாகவும் கழிவிலும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். செடி பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. அக்வாபோனிக்ஸ் என்பதே இந்த இரண்டு பாக்டீரியாக் கூட்டத்தை நம்பி ஓடுகிற ஏற்பாடு. அவை செடிப் படுகையில் நிரப்பும் கல்லின் மேல் ஒட்டிப் பெருகி வேலைக்குத் தயாராக, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். குளிர் காலமென்றால் இன்னும் இழுக்கும். புதுத் தொட்டி, புதுக் கல், புதுத் தண்ணீரில் நூறு மீனை இறக்கினால், அதன் கழிவிலேயே அது சாகும்.

பவுடர் இருக்கிறதே என்பீர்கள். அம்மோனியாவைக் கையாளும் பாக்டீரியாக்கள் ஸ்போர் (வறட்சியைத் தாங்கும் விதை போன்ற உறங்கும் வடிவம்) உண்டாக்குபவை அல்ல. காய்ந்த பொடியாக மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து உயிரோடு இருப்பது கஷ்டம். எனக்குக் கொடுத்த பாக்கெட்டில் எந்த பாக்டீரியா என்ற பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ‘இயற்கை நுண்ணுயிர்க் கலவை’ என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.

முதலில் செத்தவை அம்மோனியாவில் போனவை. தண்ணீர் விழும் குழாயடியில் கூட்டமாக வந்து, வாயை மேற்பரப்பில் வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத் தப்பியவை பிறகு நைட்ரைட்டில் போயின. செத்த ஒன்றை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்கவேண்டிய செவுள் பழுப்பாக இருந்தது. நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தாலும் மீன் மூச்சுத் திணறித்தான் சாகும்.

விற்றவருக்குப் போன் போட்டேன். “சார், குஞ்சுன்னா பத்து இருபது போகத்தான் செய்யும், புது இடம்ல” என்றார். அம்மோனியா எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். “அதெல்லாம் நீங்க பாக்கவே வேணாம் சார், செடி பாத்துக்கும்” என்றார். அவர்கள் கொடுத்த செட்டில் தண்ணீர் சோதிக்கும் கிட்டே கிடையாது. நானே தனியாக வாங்கிச் சோதித்தபோதுதான் சங்கதி தெரிந்தது. அம்மோனியா சோதனைக் குழாய் கரும்பச்சையாக நின்றது, அளவு மிக அதிகம் என்று அர்த்தம். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8-ஐத் தாண்டியிருந்தது.

அந்த பிஎச் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், படுகையில் கொட்டியிருந்த வெள்ளை ஜல்லி! பார்க்க அழகாக இருக்கும், பளபளவென்று. ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவிக் காயவைத்து, கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றினேன். சோடா மாதிரி நுரைத்தது. சுண்ணாம்புக்கல், பளிங்குக்கல் வகையறா இப்படித்தான் நுரைக்கும். தண்ணீரில் கரைந்து பிஎச்சைக் கீழே இறங்கவிடாது. இதில் ஒரு கொடுமை உண்டு. பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அதாவது, விஷத்தைத் தாங்களே கூட்டிவிட்டு, குஞ்சு பலவீனம் என்று மீன் மேல் பழியைப் போட்டார்கள். கருங்கல் ஜல்லியோ சுட்ட களிமண் உருண்டையோ போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எந்தக் கல்லானாலும், படுகையில் கொட்டுவதற்கு முன் வினிகர் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

பம்ப் இன்னொரு கதை. பெட்டியில் ‘மணிக்கு 1000 லிட்டர்’ என்று போட்டிருக்கும். அது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் ஓடவிட்டால் கிடைக்கும் அளவு. படுகை வரை ஏற ஏற அளவு குறைந்துகொண்டே வரும். எத்தனை அடி உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று பெட்டிக்குள் ஒரு அட்டவணை இருக்கும், அதை யாரும் காட்டுவதில்லை. என் படுகைக்கு வந்தது சொட்டுச் சொட்டுக்குக் கொஞ்சம் மேல். விளைவு, பெல் சைபன் (படுகை நிரம்பியதும் தண்ணீரைத் தானாக உறிஞ்சி இறக்கும், மூடி கவிழ்த்த குழாய்) வேலை செய்யவே இல்லை. படுகை நிரம்பி, சைபன் ‘களுக்’ என்று பிடித்து, மொத்தத் தண்ணீரும் சடாரென்று இறங்கவேண்டும். அப்போதுதான் கல்லுக்கு நடுவே காற்று புகும். வரத்து குறைந்தால் நடுக்குழாயின் விளிம்பில் தண்ணீர் மெல்ல வழிந்துகொண்டே இருக்கும், சைபன் பிடிக்காது. கீழ்க்கல் சதா முங்கியே கிடக்கும். ஏர் பம்ப் தனியாகக் கொடுக்கவும் இல்லை. கரண்ட் போனால் காற்றும் போச்சு, தண்ணீர் ஓட்டமும் போச்சு. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்பு, செட்டில் மிக மலிவான சாமானாக இருக்கும். அதைத்தான் விட்டிருந்தார்கள்.

நூறு குஞ்சுக் கணக்கைப் பாருங்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு வீட்டு அளவிலான அமைப்புகளுக்குச் சொல்லும் உச்சவரம்பு 1000 லிட்டருக்கு 20 கிலோ மீன். அப்படியானால் 500 லிட்டருக்கு 10 கிலோ. அரைக் கிலோ வரை வளர்த்து எடுப்பதானால் இருபது மீன்தான் தாங்கும். நூறும் பிழைத்திருந்தால் அது 50 கிலோ! விற்றவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. குஞ்சுக்குத் தனிக் காசு வாங்கினார்கள், செத்தால் மறுபடி வாங்குவோம் என்பதும் கணக்கில் இருந்திருக்கும். பற்றாததற்கு, சில நாடுகளில் திலேப்பியா வளர்க்கவே அனுமதி வேண்டும். அதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை.

செடிகளும் தேறவில்லை. புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவே மஞ்சளாக வந்தன. இரும்புச்சத்துக் குறை. மீன் தீனியில் செடிக்குப் போதிய இரும்பு கிடையாது, பிஎச் ஏறினால் இருப்பதும் கிடைக்காது. இதற்கும் அவர்களிடம் ஒரு ‘டானிக்’ இருந்தது, பெயர் இல்லாத பாட்டிலில். வாங்கவில்லை. மீன் இருக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று தெரியாத எதையும் ஊற்றக்கூடாது. கொஞ்சம் செம்பு கலந்திருந்தாலே மீனுக்கு ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் போடத்தான் போகிறேன் என்பவர்களுக்கு: மீன் இல்லாமல் ஆரம்பியுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதைப் போக்கிவிட்டு, வாசனையும் சோப்பும் சேராத சுத்த அம்மோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்குச் சேர்த்து, பம்பை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டே இருங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் ஏறுகிறதென்றால் வீடு தயார். அப்புறம் ஐந்தாறு மீன் விடுங்கள். நல்ல விற்பனையாளர் இதைத்தான் சொல்வார். மீன் விற்பதற்கு முன் டெஸ்ட் கிட் விற்பார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உயிருள்ள பொருளுக்கு வாரண்டி கிடையாது சார், பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு பாருங்க” என்றார்கள். உண்மையிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் கல்லும் பம்பும் உயிருள்ள பொருள் இல்லையே. அதை எழுத்தில் கேட்டதும் பதில் நின்றுபோனது. நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குக் கை கொடுப்பது சோதனைக் குழாய்களின் புகைப்படங்களும், கல் நுரைத்த வீடியோவும், அவர்கள் அனுப்பிய “இன்னிக்கே மீன் விடலாம்” என்ற மெசேஜும். இடைஞ்சலாக இருப்பது பில். அதில் ‘அக்வாபோனிக்ஸ் செட் – 1’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. நீங்கள் வாங்கினால் பம்ப் மாடல், கல் வகை, தொட்டியின் கொள்ளளவு, மீன் எண்ணிக்கை, எந்தத் தேதியில் மீன் விடுவார்கள் என்பதைத் தனித்தனி வரியாக எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.