இமயத்தின் பனிப்பாதைகளில் மெரினோ கம்பளிக் காலுறைகள்

உத்தராகண்டில் சாங்க்ரி கிராமத்திலிருந்து தொடங்கும் கேதார்காந்தா மலையேற்றத்தில், குளிர்காலத்தில் பெரும்பகுதி பனியின் மேல்தான் நடக்க வேண்டியிருக்கும். ஏறத்தாழ 12,500 அடி உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு விடியுமுன்பே புறப்பட்டாக வேண்டும் என்பதால், கால்விரல்கள் மரத்துப்போகாமல் இருப்பதே அன்றைய ஏற்றத்துக்கு முதல் தேவை. அந்தப் பாதையிலும் இமயத்தின் வேறு சில பனிப்பாதைகளிலும் மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின் கம்பளியால் ஆன காலுறைகளையே பல ஆண்டுகளாக அணிந்துவருகிறேன்; குளிருக்கென்று வாங்கிய பொருள்களில் இவ்வளவு பயன் தந்தது வேறொன்றும் இல்லை.

ஏறும்போது பாதம் வியர்க்கிறது. முகாமில் அசையாமல் உட்கார்ந்ததும் அந்த வியர்வையே குளிரைக் கொண்டுவருகிறது. பருத்திக் காலுறை நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி இழையோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இழைகளின் இயற்கையான சுருள்களுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தை வெளியேற விடாது. மாலையில் ஷூவைக் கழற்றும்போது விரல்நுனிப் பகுதி சற்று ஈரமாக இருந்தாலும் பாதம் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மெரினோ இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லியது என்பதால், பழைய கம்பளி ஸ்வெட்டரைப் போல உடம்பில் குத்துவதில்லை.

தடிமன் கூடினால் கதகதப்பும் கூடும் என்று எண்ணி இரண்டு தடித்த காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்பவர்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். ஷூ இறுகினால் இரத்த ஓட்டம் தடைபடும், காலுறைக்குள் இருக்க வேண்டிய காற்றும் நசுங்கி வெளியேறிவிடும், விரல்கள் முன்னிலும் வேகமாகக் குளிர்ந்துபோகும். எந்தக் காலுறையோடு நடக்கப்போகிறோமோ அதை அணிந்துகொண்டே ஷூவைப் போட்டுப் பார்த்து, உள்ளே விரல்களைத் தாராளமாக அசைக்க முடிகிறதா என்று உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தேய்மானம் குதிகாலில்தான் தொடங்குகிறது. புதிதாக இருக்கையில் உட்புறத்தில் பூந்துவாலையில் இருப்பதுபோல நிமிர்ந்து நிற்கும் நூல்வளையங்கள், நாளடைவில் படிந்து கெட்டிப்படுகின்றன. பின்னர் கம்பளி உதிர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நைலான் வலை மட்டும் தெரிகிறது. அந்த நைலான் இல்லையென்றால் அவ்விடம் எப்போதோ ஓட்டையாகியிருக்கும். ஆகவே முழுக் கம்பளி என்ற விளம்பரத்தை நான் தேடுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு மெரினோவும், மீதி நைலானும் சிறிது எலாஸ்டேன் என்னும் நெகிழும் இழையும் கலந்ததே நடைக்குத் தாங்கும் என்பது என் கணிப்பு.

உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மென்மையான சோப்புத்தூளில் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துகிறேன். வெந்நீரும் முறுக்கிப் பிழிதலும் கம்பளியைச் சுருங்க வைக்கும். அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளியைத் தின்னும் என்பதால், நன்றாகக் காய்ந்த பிறகு மூடிய பையில் இட்டு வைக்க வேண்டும். குதிகாலில் வலை தெரியத் தொடங்கிய ஜோடியை முகாமில் உறங்கும்போது அணிய ஒதுக்கிவிட்டு, நடைக்குப் புதிய ஜோடியை எடுத்துக்கொள்கிறேன்.