வீட்டுப் பெயருக்குச் சுதையா, தேக்கா, ஆத்தங்குடி டைல்ஸா, ஸ்டீலா?

பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், ஜப்பான் டைல் என்று தாத்தா காலத்தில் கப்பலில் வரவழைத்துக் கட்டிய வீடு. அதைப் புதுப்பிப்பவர்கள் ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள். முகப்பில் பெயர் வைக்கும்போது மட்டும் "போர்டு கடையில் சொல்லிடலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். காரைக்குடி, பள்ளத்தூர் பக்கம் இதை நிறையவே பார்க்கலாம்.

போர்டு கடை என்றால் இப்போது லேசரில் வெட்டிய ஸ்டீல் எழுத்து. சீக்கிரம் கிடைக்கும், மழைக்கு அசராது. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டு. அதைத் தனியாகத்தான் ஒட்ட வேண்டும். பசை விட்டால் ‘மீனாட்சி இல்லம்’, ‘மீனாடசி இலலம’ ஆகிவிடும்.

தேக்கில் அந்தப் பயம் இல்லை. புடைப்பாகச் செதுக்கினால் எழுத்தும் புள்ளியும் ஒரே பலகை. ஆனால் மர ரேகைக்குக் குறுக்கே உளி திரும்பும் இடத்தில் சில்லு தெறிக்கும். ‘ண’, ‘ஐ’ மாதிரி சுழி எழுத்துகளைச் சின்னதாகக் கேட்டால் ஆசாரி முகம் சுளிப்பார், நியாயம்தான். நிலைக்கு மேலே, மழை படாத இடத்துக்குத்தான் இது சரி. தெருவிலிருந்து தெரியாது.

ஆத்தங்குடி டைல்ஸில் பெயர் வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, சிமென்ட்டும் மணலும் தூவி, கலவை நிரப்பி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியைத் தொட்ட பக்கம்தான் முகம், அதனால்தான் அந்த வழவழப்பு. ஆகவே பெயரை இடவலம் மாற்றித்தான் அச்சு செய்ய வேண்டும். ‘கா’வின் கால் இடப்பக்கம் நிற்கும். பூவைத் திருப்பிப் போட்டாலும் பூதான், எழுத்து அப்படியா? போதாக்குறைக்கு, அச்சைத் தூக்கும்போது சாயம் ஓரத்தில் லேசாக இழுபடும். பூவுக்கு அது அழகு, சின்னச் சுழிக்கு எமன். ஒரு டைலுக்கு ஓர் எழுத்து என்று பெரிதாக வைத்தால் பிழைக்கும். அதையும் திண்ணைச் சுவரில் பதியுங்கள். தரையில் போட்டால் குடும்பப் பெயரை மிதித்துக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்?

சுவரில் பெயின்ட்? செலவு குறைவு. ஆனால் சுண்ணாம்புச் சுவரில் எனாமல் பெயின்ட் நிற்காது, உரிந்துவிடும்.

என் ஓட்டு சுதைக்கு, அதாவது சுண்ணாம்புக் கலவையைச் சுவரில் புடைப்பாக வடிக்கும் எழுத்துக்கு. சுண்ணாம்பு நிதானமாக இறுகும். அதனால் கரண்டியால் வளைவைக் கூட்டலாம், குறைக்கலாம், கொத்தனார் கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஏறித் திருத்தலாம். தமிழ் எழுத்தின் சுழிக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற பொருள் இவற்றில் வேறு இல்லை. சாயமே வேண்டாம், சாய்ந்த வெயிலில் விழும் நிழலே எழுத்தை எடுத்துக்காட்டும். முகப்பில் கஜலட்சுமி சுதை இருந்தால் அதற்குக் கீழே பெயர் தானாகப் பொருந்திவிடும்.

தொல்லை ஆள் கிடைப்பதில்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் வரும்வரை காத்திருங்கள். அவசரத்துக்கு யாராவது சிமென்ட்டில் செய்து தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்: பழைய சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தைச் சிமென்ட் வெளியே விடாது, எழுத்து காரையோடு பெயர்ந்து விழும். காத்திருக்க முடியாவிட்டால் தேக்குப் பலகைக்குப் போய்விடலாம்.