"கையில வளர்ந்த வான்கோழி" என்று சொல்லி விற்பவரிடம் கவனம்

வீட்டுக் கொல்லையில் வான்கோழி வளர்க்க நினைப்பவர்கள் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடு என்றால் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் பக்கத்துச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும் சேர்த்து 9,000 ரூபாய்க்கு வாங்கினோம். சேவலின் காலைக் கட்டிச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார். "ஏழு மாசந்தான் ஆகுது அம்மணி. குஞ்சுல இருந்து கையிலயே வளர்ந்தது. மனுசங்க பின்னாடியேதான் சுத்தும், ரொம்ப சாது" என்றார். பெட்டைகளின் முதுகில் மஞ்சள் பூசியிருந்தது. கேட்டதற்குக் கூடை உரசிவிட்டது என்றார்.

அவர் சொன்னதில் உண்மை ஒன்றுதான்: அது கையில் வளர்ந்தது. ஆபத்தும் அதில்தான் இருந்தது.

வந்த புதிதில் அது அடங்கித்தான் கிடந்தது. இடம் பழகியதும் ஆட்களைக் கண்டால் தோகையை விரித்து, இறக்கையை மண்ணில் உரச இழுத்துக்கொண்டு எதிரே வந்து நிற்க ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் என் அத்தை தீவனத் தட்டை வைக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து பாய்ந்துவிட்டது. சேவலின் காலுக்குப் பின்னால் இருக்கும் கூரான முள் கெண்டைக்காலில் இறங்கிக் கிழித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தையல் போட்டு, டி.டி. ஊசியும் போட்டார்கள். அவர் சர்க்கரை நோயாளி. புண் ஆறும்வரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

கால்நடை மருந்தக டாக்டர் சேவலின் காலைப் பார்த்ததுமே, இது ஏழு மாதப் பறவை இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரு வயதுக்குள் அந்த முள் சின்ன மொட்டாகத்தான் இருக்குமாம். இதற்கு ஓர் அங்குலத்துக்கு மேல் கூராக வளைந்திருந்தது. மார்பில் தொங்கும் மயிர்க்கற்றையும் நீளம். பெட்டைகளின் முதுகு கிழிந்ததும் இதனால்தான். ஒரு சேவலுக்கு ஐந்து பெட்டையாவது இருந்தால்தான் தாங்கும். கனத்த சேவல் மறுபடி மறுபடி ஏறினால் நகம் பட்டுத் தோல் உரிந்துவிடும். மஞ்சள் அதை மறைக்கத்தான்.

வியாபாரிக்குப் போன் செய்தோம். "சேவல்னா அப்படித்தான், நாலு போடு போடுங்க" என்றார். திருப்பி எடுக்க முடியாது என்றவர், அப்புறம் போனையே எடுக்கவில்லை. அவர் ஊர்க்காரர் ஒருவர் மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. வியாபாரியின் பேரனை முகத்தில் கொத்தியதால்தான் அது சந்தைக்கே வந்திருக்கிறது. தன் வீட்டுக் குழந்தைக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டே இன்னொரு வீட்டுக்கு அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூட்டம் இல்லாமல் மனிதர் கையில் தனியாக வளரும் ஆண் குஞ்சு, மனிதரையே தன் இனமாக நினைத்துக்கொள்ளும். குஞ்சாக இருக்கும்போது பின்னாலேயே வரும். பருவத்துக்கு வந்ததும் அதே ஆளைப் போட்டிச் சேவலாகப் பார்க்கும். அடித்தால் அதற்கு அது சண்டைதான், அடுத்த முறை இன்னும் வேகமாக வரும். ஓடினாலும் துரத்தும்.

எங்களுக்கு உதவியது ஒரு பலகை. இடுப்புயரப் பலகையை முன்னால் பிடித்து, முதுகைக் காட்டாமல் மெதுவாக அதை ஓரத்துக்குத் தள்ளுவோம். பிடிக்க வேண்டி வந்தால் பெரியவர் ஒருவர் இரண்டு இறக்கையையும் உடம்போடு அணைத்து, காலைச் சேர்த்துப் பிடித்து, அது துள்ளுவதை நிறுத்தும்வரை விடக்கூடாது. பெட்டைகள் கண்ணில் படாத தனிக் கம்பிக் கூண்டில் விட்டபின் சீற்றம் ஓரளவு குறைந்தது. ஆனால் முழுசாகப் போகவில்லை. வளர்ந்துவிட்ட சேவலிடம் இது மாறும் என்று நம்பிக் குழந்தைகளை உள்ளே விடாதீர்கள். கொத்து நேராக அவர்கள் கண் உயரத்துக்கு வரும்.

வாங்கும்போது கட்டை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். மற்ற கோழிகளோடு மேய்கிறதா, ஆளைத் தேடி வந்து தோகை விரிக்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கால் முள்ளையும் பெட்டைகளின் முதுகையும் தடவிப் பாருங்கள். முடிந்தால் வளர்ந்த இடத்துக்கே போங்கள். வயதையும், முரடாக இருந்தால் திருப்பி எடுப்பதையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் சீட்டு இல்லை என்பதை வைத்துத்தான் அவர் தப்பித்துக்கொண்டார். இதைவிட நல்ல வழி, நான்கைந்து குஞ்சுகளைச் சேர்த்து வாங்கி, அவற்றைக் கூட்டமாகவே வளர்ப்பது.

இந்தச் சேவலை வளர்ப்புக்குக் கேட்டுச் சிலர் வந்தார்கள். நடந்ததைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டோம். கறிக்கு மட்டும்தான் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.